இருநூறு சதவீதம்

மடிக்கணினியின் மேல் மகள் உட்கார்ந்த அன்று
திரைக்குள் ஒரு கணவாய் மை கக்கியது.
மாற்ற ஒன்பதாயிரம் என்றான் ராமநாதபுரத்தில்.
பாம்பன் முக்கில் ஹபீப் கடையில்
இருநூற்றைம்பதுக்கு ஒரு வயர் தந்தார்:
"வீட்டுலதான் அம்பது இன்ச் டிவி தொங்குதே தங்கச்சி,
அதுல சொருகுங்க."

தொங்குகிறதுதான்.
விசைப்படகெல்லாம் கட்டிக்கிடந்த ஒரு மாதத்தில்
நண்டு கொட்டிய ஒரே வாரத்தின் கொழுப்பு அது.
தவணை இன்னும் பதினொன்று பாக்கி.
பின்பக்கத் துளைகளில் அதற்குள்
உப்புக்காற்று பச்சையாய்க் குடிவந்துவிட்டது.
துணியால் துடைத்துச் சொருகினேன்.

தங்கச்சிமடத்தில் எங்கள் ஒற்றை அறையில்
நண்டுக் கம்பெனிக் கணக்கு
சுவர் உயரத்துக்கு எழுந்து நின்றது.

முதல் நாள் எதுவும் சரியில்லை.
நாலு ஓரமும் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன.
கீழே மணி இல்லை, தேதி இல்லை,
மேலே மூடுகிற பெருக்கல் குறி இல்லை.
ரிமோட்டை நோண்டி நோண்டி
படத்தின் அளவு என்ற இடத்தில்
'உள்ளது உள்ளபடி' என்றொன்றைக் கண்டபோது
இரவு ஒன்றரை.

மவுஸை நகர்த்தினால் அம்பு
யோசித்துவிட்டுக் கிளம்பியது.
கரையிலிருந்து கூப்பிட்டால்
வள்ளத்தில் நிற்பவன் திரும்புவானே, அந்தத் தாமதம்.
'விளையாட்டு' என்ற முறைக்கு மாற்றியதும்
சொன்னபடி ஓடியது.
எடைச்சீட்டு அடிப்பது விளையாட்டென்று
அதற்கு யார் சொன்னார்களோ.

எழுத்தைச் சுற்றி இளஞ்சிவப்பாய் ஒரு கசிவு மட்டும் போகவில்லை.
கிட்டே உட்கார்ந்தால் கண் எரிகிறது.
தள்ளிப்போனால் முதுகு கட்டிலில் இடிக்கிறது.
கட்டிலில் ரெமிஜியுஸ், கிழிந்த நண்டுவலையோடு.

மூன்று வருஷமாக என் வேலையை அவர்
டொக்கு டொக்கு என்ற சத்தமாகத்தான் அறிவார்.
சின்னத் திரைக்கு ஒரு முதுகு உண்டு,
எதிரே இருப்பவருக்கு அதைக் காட்டிக்கொண்டிருக்கலாம்.
இதற்கு முகம் மட்டும்தான்.

ஜன்னல் கம்பியில் பக்கத்து வீட்டு டென்சன்,
எண்களைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"யாரு பேட்டிங்?"

ரெமிஜியுஸ் ஊசியை நிறுத்தியது
எனக்கு முதுகிலேயே தெரிந்தது.

"முப்பத்தெட்டாவது வரி நம்ம வள்ளமா?"
ம்.
"முப்பத்தேழுக்கு கிலோ அறுநூத்து நாப்பது.
நமக்கு ஐநூத்து எழுவது.
ஒரே கடலு, ஒரே நண்டு.
அந்த ஓரத்துல மு.ப.ன்னு நிக்குதே, அது என்ன?"

முன்பணம்.
மகள் பிறந்தபோது வாங்கிய நாற்பதாயிரம்.
வட்டி கிடையாது என்று முதலாளி
வெற்றிலைக் கறையோடு சிரித்துத் தந்தது.

அந்த எழுபதை இரவிரவாக அடித்தவள் நான்.
பதினான்கு இன்ச்சில் அது ஒரு எண்.
சம்பளம் நாலாயிரத்துக்காக
நானும் அதை எண்ணாகவே வைத்திருந்தேன்.
ஒரு கூட்டல் கூடப் போட்டுப் பார்த்ததில்லை
என்று சொன்னால் அது பொய்.
போட்டிருக்கிறேன். அழித்திருக்கிறேன்.

அவர் கத்தவில்லை.
வலையை மடியிலிருந்து இறக்கிவைத்தார்.
"எப்பத்திலேர்ந்து தெரியும்" என்று
கேட்கப்போகிறார் என நான் காத்திருக்க,
"மு.ப. போட்டவுக எத்தன பேரு?" என்றார்.

இருபத்திரண்டு.

ரிமோட் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது.
சிவப்புப் பொத்தான் ஒன்று,
சுவர் மறுபடியும் சுவராகிவிடும்.

எழுந்துபோய் வாசல் திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டினேன்.
வெளிச்சம் கட்டம் கட்டமாக மணலில் விழுந்தது.
டென்சன் ஏற்கெனவே அவன் அப்பாவைக் கூட்டிவந்திருந்தான்,
அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்,
லுங்கி நனைந்தபடி ஒருவர்.

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு
சக்கரத்தை மேலே உருட்டினேன்.
நூற்றைம்பது. நூற்று எழுபத்தைந்து. இருநூறு.

"கொஞ்சம் எறக்கு தங்கச்சி,
நாப்பத்தொண்ணு தெரியல."